தேய்ந்த முகம்

எங்கள் வீட்டு அன்னபூரணிக்கு மூக்கு இல்லை. யாரும் உடைக்கவில்லை, கீழே போடவும் இல்லை. தேய்ந்து போயிற்று. கண் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம். அதுவும் விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும். வாய் என்று ஒரு கீறல். கையில் பிடித்திருக்கும் கரண்டி மட்டும் விளிம்பு மழுங்காமல் இருக்கிறது. பித்தளைதான், நாலு விரற்கடை உயரம். அப்பாயி கல்யாணமாகி வந்தபோது சீர் சாமானோடு வந்தவள் என்பார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசி நிரப்பி அதன்மேல் உட்கார வைத்திருப்போம். மாதம் பிறந்தால் அந்த அரிசி உலைக்குப் போகும், கிண்ணத்துக்குப் புது அரிசி வரும்.

காரைக்கால், அரசலாறு கடலில் கலக்கும் ஊர். எங்கள் தெருவிலிருந்து கடல் தெரியாது. ஆனால் காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் பிசுபிசுப்பு ஒட்டும். இந்தக் காற்றில் பித்தளை ஒரு வாரம் தாங்குவதே பெரிது. வியாழக்கிழமை சாயங்காலம் துலக்கி வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தால், அடுத்த புதனுக்குள் சாமி பழுப்பேறிவிடும். கும்பகோணத்தில் அத்தை வீட்டுச் சாமிகள் ஒரு மாதம்கூடப் பளபளவென்று இருப்பார்கள். “நம்ம சாமி கடக்கரைச் சாமி, சீக்கிரம் கறுத்துடும்” என்று அப்பாயி அதை ஒரு குலப்பெருமை போலவே சொல்வார்.

வியாழன் சாயங்காலம் கிணற்றடியில் ஒரு வரிசை முறை உண்டு. முதலில் குடம், செம்பு, குத்துவிளக்கு. அவற்றுக்குச் செங்கல்தூள், தென்னை நார். பிறகு தட்டு, மணி, தூபக்கால். அவற்றுக்குச் சாம்பல். கடைசியில் சாமிகள். சாமி மேல் செங்கல்தூள் படக்கூடாது. கறுத்த பழம்புளியைக் கொஞ்சம் தண்ணீரில் பிசைந்து, கோது நீக்கி, விரலால் மட்டும் தடவ வேண்டும். அழுக்கு இளகி, உள்ளேயிருந்து மஞ்சள் எழுந்து வரும். அந்த நொடியில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். யாராவது கூப்பிட்டார்கள் என்று புளியோடு வைத்துவிட்டுப் போனால் மஞ்சள் போய் ஒருவித ரோஜா நிறம் வரும். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கின்றன. புளிப்பு அதிக நேரம் நின்றால் துத்தநாகத்தை உருவிக்கொண்டு செம்பை மேலே விட்டுவிடும். இதையெல்லாம் நான் பிறகு படித்தது. அப்பாயி சொன்னது வேறு: “ரொம்ப நேரம் ஊறப்போட்டா சாமிக்குக் காய்ச்ச வந்த மாதிரி செவந்துடும்.” கழுவியதும் பழைய வேட்டித் துணியில் ஈரம் ஒற்றி, பத்து நிமிடம் இளவெயில், பிறகு உலர்ந்த திருநீறால் ஒரு துடைப்பு. முதுகுப்புறத்துச் சந்துகளில் அந்த வெள்ளை அப்படியே தங்கிவிடும். நான் அதை ஊக்கால் நோண்டி எடுக்கப்போய் அடி வாங்கியிருக்கிறேன்.

முன்னோர் செய்ததில் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று பூரித்துப்போகும் கூட்டத்தில் எனக்கு இடம் வேண்டாம். புளிக்குப் புளிக்கத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அந்த விரலைப் பற்றி. “மூஞ்சியப் போட்டு அழுத்தாத. அவளுக்கு மட்டும் வலிக்காதா?” என்று அதட்டிக்கொண்டே, அழுத்தாமல் தேய்த்த விரல். வாரம் ஒருமுறை என்று வைத்தால் எழுபது வருடத்துக்கு 3,640 முறை. அழுத்தாமலே தேய்ந்துவிட்டாள். தேய்ந்த மூக்கு எங்கேயும் தொலைந்துவிடவில்லை. புளித் தண்ணீரோடு வாய்க்காலில் ஓடி, கிணற்றடி வாழைக்குப் போயிற்று. அந்த வாழையின் இலையில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அன்னபூரணிக்கு இதைவிடப் பொருத்தமான தேய்மானம் எனக்குத் தோன்றவில்லை.

கறுப்பதெல்லாம் ஒன்றில்லை. பழுப்பும் கறுப்புமாகப் படிவது காற்றோடு உலோகம் செய்துகொள்ளும் சமரசம்; அதனால் தீங்கில்லை. பழைய வெண்கலத்தில் அது ஒரு மேல்தோல், உள்ளே இருப்பதைக் காக்கும். கரும்பச்சையாக, கல் போல இறுகிக் கிடப்பதும் பெரும்பாலும் சாதுதான். பயப்பட வேண்டியது வெளிர்பச்சைத் தூளுக்கு. துடைத்தால் போய்விடும், பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். அருங்காட்சியகத்துக்காரர்கள் இதை ‘வெண்கல நோய்’ என்கிறார்கள். உப்பில் இருக்கும் குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரத்தில் அமிலமாகி, மேலும் செம்பைத் தின்னும். தின்று முடித்ததும் குளோரைடு செலவாகிவிடாமல் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும். புதைந்து கிடந்து வெளிவந்த திருமேனிகளுக்கு இது பெரிய ஆபத்து. கடலோரத்து வீட்டில், சரியாகத் துடைக்காத பீடத்தின் அடியிலும் இதன் சிறிய உறவுக்காரர்கள் குடியேறுவதுண்டு.

இந்தப் பச்சைக்கு நாம் வைத்த பெயர் களிம்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் சைவம் கொஞ்சம் படித்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். செம்போடு களிம்பு எப்படிக் கூடவே பிறந்ததோ அப்படி உயிரோடு ஆணவம் என்பது சித்தாந்திகளின் விருப்பமான உவமை. வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு என்றால் கழுவிவிடலாம். செம்பின் களிம்பு அப்படிப் போவதில்லை. துலக்கத் துலக்க ஊறிவரும். அதனால்தான் துலக்குவதோடு அவர்கள் நிற்கவில்லை. குளிகை பட்டுச் செம்பே பொன்னாக வேண்டும் என்றார்கள். இந்த உவமையைச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் வீட்டில் செம்பு துலக்கியவள் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது என் நிச்சயம். வாரா வாரம் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே புளியோடு உட்காருகிறவளுக்குத்தான் அந்த உவமையின் முழு அர்த்தமும் தெரியும்.

*

போன மாசி மகத்துக்குக் கும்பகோணம் போனபோது ஒரு பாத்திரக்கடையில் நின்றேன். பிள்ளையாரைத் தராசில் வைத்து, “ஒண்ணே முக்கால் கிலோ” என்றார் கடைக்காரர். பக்கத்தில் மொரதாபாத்திலிருந்தும் அலிகரிலிருந்தும் வந்த பித்தளைக் கிருஷ்ணர்கள், புத்தர்கள், யானைகள் எல்லாம் ஒரே மஞ்சளில், ஒரே புன்னகையில். மண் அச்சில் நூற்றுக்கணக்காக வார்த்துச் சக்கரத்தில் மெருகேற்றியவை. அவற்றை மட்டமாகச் சொல்லமாட்டேன். அன்னபூரணியும் ஒரு காலத்தில் இப்படி ஒரு கடையில் எடை போடப்பட்டவள்தானே. ஆனால் “பஞ்சலோகம் சார்” என்று சொல்லி அதே பித்தளையை இரட்டை விலைக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

எடை என்றதும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஞாபகம் வந்தன. ராசராசனும் அவன் அக்கை குந்தவையும் மற்றவர்களும் கொடுத்த செப்புத் திருமேனிகளை அங்கே பட்டியலிட்டிருக்கிறார்கள். உயரம் முழத்தில், விரலில், நெல்மணி அளவான தோரையில். எத்தனை கை, நிற்கிறாரா இருக்கிறாரா, கனமாக வார்த்ததா பொள்ளலா என்பதுவரை உண்டு. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை பார்ப்பது பொன்னுக்கும் மணிக்கும்தான். சாமிக்கு உயரம், நகைக்கு எடை. இன்றைய கடையில் தலைகீழ். அந்தப் பழையவர்கள் பஞ்சலோகம் என்று பெருமையடிக்கவும் இல்லை. ‘செப்பு’ என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். சோழர் காலத்துத் திருமேனிகளைச் சோதித்தவர்கள் கண்டதும் அதுவே: பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் வெள்ளீயம், கொஞ்சம் காரீயம். வெள்ளீயம் கலந்தால் வெண்கலம், துத்தநாகம் கலந்தால் பித்தளை. முதலாவது கோயிலுக்குப் போயிற்று, இரண்டாவது பெரும்பாலும் எங்கள் கிணற்றடிக்கு வந்தது.

சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் ஒடியோலையை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். தென்னங்கீற்றைத் திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்துத் தாளக் கணக்குப் போடுவது. முகம் ஒரு தாளம், கழுத்து இத்தனை, மார்பு இத்தனை. உலோக அளவுகோல் கடையில் கிடைக்கிறது, ஆனாலும் ஓலை. தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவத்தைக் கையால் பிடித்து, மேலே காவிரி வண்டலை மையாக அரைத்துப் பூசுகிறார்கள். அந்த வண்டல்தான் மெழுகின் நகக்குறியைக்கூட வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். பிறகு உருக்கினால் மெழுகு ஓடிவிடும். வெற்றிடத்துக்குள் உலோகம் போகும். மண்ணை உடைத்தால் சாமி. உடைந்த அச்சு மறுபடி ஒட்டாது, ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சாமி. காவிரியிலிருந்து பிரிந்து கும்பகோணத்தின் தெற்கு ஓரமாக ஓடிவரும் அரசலாறு அதே வண்டலைச் சுமந்துகொண்டு எங்கள் ஊரில் கடலில் கொட்டுகிறது. அங்கே முகம் பிடிக்கிற மண், இங்கே கால் புதைகிற சேறு.

இந்தத் தாளக் கணக்கெல்லாம் அழகுக்கான கணக்கு. அழகைக் கழற்றிக் கொடுத்துவிட்ட ஒருத்தியை எப்படி வார்ப்பது? அந்தச் சங்கடம் எங்கள் ஊர்க்காரி ஒருத்தியால் ஸ்தபதிகளுக்கு வந்தது.

காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் கதையைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாங்கனி, அடியாருக்குப் போன ஒன்று, கணவன் கேட்டதும் கையில் வந்த இன்னொன்று. பயந்து கப்பலேறி, பாண்டிநாட்டில் இன்னொரு குடும்பம் கட்டிய பரமதத்தன். பெற்ற பெண்ணுக்கு அவள் பெயரையே வைத்து, கடைசியில் அவள் காலிலேயே விழுந்தவன். அதற்குமேல் யாருக்காகச் சுமப்பது இந்த உடம்பை என்று கேட்டுப் பேய் வடிவம் வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை விரித்து எழுதினார். அவள் பாடல்கள் அதற்குச் சுமார் அறுநூறு ஆண்டு மூத்தவை.

நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அவளுடைய சோழர் காலத் திருமேனி ஒன்று இருக்கிறது. சுமார் 23 செ.மீ. உயரம், ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்சஸ் நகரத்து நெல்சன் - அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் அதைவிடப் பெரியதாக இன்னொன்று. இரண்டிலும் அம்மை உட்கார்ந்திருக்கிறார், கையில் தாளம். எலும்பு எண்ணலாம். வற்றித் தொங்கிய முலை, குழிந்த வயிறு, குச்சிக் கை. இரண்டையும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்லத் துணிவேன்: அது அசிங்கமாக வார்த்த உடம்பில்லை. பார்வதிக்கு வளைவுகளை வைத்த அதே கை, அதே கவனத்தோடு விலா எலும்புக்கு வரி போட்டிருக்கிறது. முதுகு நிமிர்ந்திருக்கிறது. அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மை உட்கார்ந்திருப்பதைக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். சிவன் ‘அம்மையே’ என்று கூப்பிட்டதால் அந்த இருக்கை என்பார்கள். ஸ்தபதிக்கு ஒடியோலையில் அதற்கும் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும்.

எங்கள் அன்னபூரணியின் தேய்ந்த முகத்தை நான் பொறுத்துக்கொள்ளக் கற்றது இவளிடம்தான். ஒருத்தி கேட்டு வாங்கியது மற்றவளுக்குப் புளியால் வந்தது.

*

ஆனி பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் புனிதவதி - பரமதத்தன் திருக்கல்யாணம், அதற்கடுத்த நாள் பவளக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா. சப்பரம் கடக்கும்போது இரண்டு பக்கத்து மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். சின்ன வயதில் எனக்கு ஒரே கவலை: குறி தவறி ஒரு பழம் பிச்சாண்டவர் மூக்கில் பட்டுவிட்டால்? மூக்கு போன சாமி ஏற்கெனவே வீட்டில் ஒருத்தி இருந்ததால் வந்த கவலை.

பிச்சாண்டவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். தாருகாவனத்து முனிவர்களின் கர்வத்தை அடக்கக் கிளம்பிய பேரழகன். பாம்பைத் தவிர உடுப்பில்லை, காலில் பாதுகை, பக்கத்தில் மான், கையில் கபாலம். உற்சவத் திருமேனிகளிலேயே ஸ்தபதி அழகை வாரிக் கொட்டும் உருவம். அந்தப் பேரழகன் பிச்சை கேட்டு வருவது, பின்னால் அழகே வேண்டாம் என்று சொல்லப்போகிற பெண்ணின் வாசலுக்கு. பாரதியார் சாலையில் அம்மையார் எதிர்கொண்டு மாங்கனியும் தயிர்ச்சோறும் படைக்கும் நேரத்தில் இந்த இரண்டு உலோக உருவங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அன்றிரவு கதை முடிகிறபோது விளக்குகளை அணைத்து, தீவட்டி வெளிச்சத்தில் அம்மையைப் பேயாகக் கயிலைக்கு அழைத்துப் போவார்கள். இருட்டில் உலோகத்துக்கு வரும் நிறம் வேறு. மின்விளக்கில் சாமி மஞ்சள். தீவட்டியில் சாமிக்கு ரத்தம் ஓடும்.

திருமேனிகளைக் கோயிலில் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று கேட்டால், அபிஷேகத்தைப் பாருங்கள் என்பேன். முதலில் எண்ணெய். அடுத்து அரிசி மாவு. அது எண்ணெயையும் அதோடு கூடிய அழுக்கையும் வாங்கிக்கொண்டு இறங்கும். பிறகு மஞ்சள்தூள். அப்புறம் பஞ்சாமிர்தம், பால், தயிர், இளநீர், திருநீறு, சந்தனம் என்று அந்தந்தக் கோயில் வழக்கப்படி, இடையிடையே தண்ணீர். பிள்ளையைக் குளிப்பாட்டும் வரிசைதான். நடராசருக்கு வருடத்தில் ஆறே நாள் அபிஷேகம்: சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, ஆவணி, புரட்டாசி, மாசியில் சதுர்த்தசி. தேவர்களின் ஒரு நாளுக்கு ஆறு கால பூசை என்ற கணக்கு அது. உலோகத்தின் ஆயுளுக்கும் அந்தக் கணக்கு நல்லது செய்திருக்கிறது. தினம் தினம் திருமஞ்சனம் வாங்கிய சில உற்சவர்களுக்கு முகம் மழுங்கி, வெள்ளிக் கவசம் சாத்த வேண்டிவந்ததைக் கோயிலுக்குக் கோயில் பார்க்கலாம். கவசம் அழகுக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதற்கு நேரெதிர் பராமரிப்பு கண்ணாடிப் பெட்டி. 1930-களில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர், களிம்பேறிய திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்யத் தொடங்கினார். நாட்டிலேயே முதல் முயற்சிகளில் ஒன்று. பல திருமேனிகள் இன்றைக்கு முகத்தோடு இருப்பது அந்தச் சோதனைச்சாலையின் புண்ணியம். அங்கேதான் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார், திருவாசி இல்லாமல். எந்தத் திருவாலங்காட்டில் ஆடிய பாதத்தின் கீழ் எங்கள் அம்மை உட்கார்ந்து பாடினாரோ, அதே ஊர். பாரிசில் ரொதான் இந்த அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படங்களில் பார்த்து வியந்து 1913-இல் எழுதினார். 1921-இல் அச்சில் வந்தது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் எழுதிய நாளில் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது, 1954 நவம்பர் வரை அப்படித்தான். அந்த மகாசிற்பிக்குத் திருமேனியின் ஒவ்வொரு நிழலும் தெரிந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் அந்தத் தோள் எப்படி வழுக்கும் என்பது எங்கள் கைலாசநாதர் கோயில் குருக்களுக்குத்தான் தெரியும். எழும்பூரில் முகம் காப்பாற்றப்பட்டது, குளியல் போயிற்று. எது பெரிய நஷ்டம் என்று கேட்டால், ஆயிரம் வருடத்துத் திருமேனிக்கு நான் அருங்காட்சியகத்தின் பக்கம். எழுபது வருடத்து அன்னபூரணிக்கு அப்பாயியின் பக்கம்.

*

பராமரிப்பு என்ற பெயரிலேயே ஒரு சாமி தொலைந்த கதையும் நம் பக்கத்தில் உண்டு. கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்குள்ளிருந்து சில திருமேனிகள் கிடைத்தன, ஒரு நடராசரும் சேர்த்து. 1954-இல் அவரைச் செப்பனிடக் கொடுத்தார்கள். செப்பனிட்டுத் திரும்பி வந்தது நகல். அசல் கை மாறி மாறி 1973-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்தது. கோயிலில் இருப்பது போலி என்பதை 1965-இல் எழுதியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து நடராசர் 1986-இல்தான் திரும்பினார்.

இந்தக் கதையில் சைமனைவிட, விலையைவிட, என்னை உறுத்துவது நடுவில் போன அந்த வருடங்கள். நகலுக்குத் திருவாதிரை அபிஷேகம் நடந்தது. அரிசி மாவும் பாலும் அதன்மேல்தான் வழிந்தன. நடந்த பூசை எங்கே போய்ச் சேர்ந்தது? சேரவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கும் என்பார் பக்தர்; பாவனைதானே எல்லாம். சரி. ஆனால் யாருக்கும் தெரியவில்லை என்பதில் ஒரு வருத்தம் இருக்கிறது. மண்ணிலிருந்து வந்து மூன்றே வருடம். அந்த முகம் இன்னும் யார் விரலுக்கும் பழகியிருக்கவில்லை. எங்கள் அன்னபூரணியை மாற்றி வைத்துவிட்டு யாராவது தப்பிக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே அப்பாயி கண்டுபிடித்திருப்பார்.

விரல் போதாத இடத்துக்குப் படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956-இலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் சிற்பங்களையும் திருமேனிகளையும் படமெடுத்துச் சேர்த்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். படமெடுத்தபோது அது கலை ஆராய்ச்சி. ஐம்பது வருடம் கழித்துக் காவல்துறைக்குச் சாட்சியம். அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோன நடராசரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் வாங்கியது. அவர் இன்னார்தான் என்று நிறுவ இந்த நிறுவனத்தின் பழைய படங்கள் உதவின. 2014 செப்டம்பரில் அவர் திரும்பினார். திரும்புகிறவர்கள் பலருக்கு ஊர்க்கோயிலில் பூட்டுக்குக்கூட வழியில்லை. அதனால் திருவாரூரில் அறநிலையத்துறையின் பாதுகாப்பு மையத்தில் ஆயிரக்கணக்கான உற்சவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் சொந்த ஊருக்குப் போய், பந்தோபஸ்தோடு திரும்பிவிடுகிறார்கள். இதையும் பராமரிப்பு என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

என் பங்குக்கு நானும் ஒரு பராமரிப்பு செய்தேன். அப்பாயி போனபின் வீட்டுத் தவழும் கிருஷ்ணன் மிகவும் கறுத்துவிட்டான் என்று ஒரு மெருகுக் கடையில் கொடுத்தேன். துணிச்சக்கரத்தில் பத்தே நிமிடம். புது ஸ்கூட்டர் மாதிரி மின்னிக்கொண்டு வந்தான். கையில் வெண்ணெய் உருண்டையில் இருந்த விரல்தடம் போன்ற வரிகளும், இடுப்புச் சலங்கையின் மணிகளும் போயிருந்தன. மேலே கறுக்காமலிருக்கப் பூச்சு வேறு அடித்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் உப்புக்காற்று பூச்சின் ஓட்டைகளில் புகுந்து, ஒரு வருடத்தில் பையன் உடம்பெல்லாம் தேமல். 3,640 வியாழக்கிழமைகள் செய்யாததைப் பத்து நிமிடம் செய்தது. கடையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பளபளப்பு கேட்டேன், கொடுத்தார்கள்.

உறவுக்காரர் ஒருவர், “முகம் தேஞ்ச சிலை பின்னமான சிலைங்க. வீட்ல வெக்கக்கூடாது. ஆத்துல விட்டுட்டு வேற வாங்கிக்குங்க” என்றார். கை கால் உடைந்தால் பின்னம். கும்பிட்டுக் கும்பிட்டுத் தேய்வது பின்னத்தில் சேராது என்பது என் கட்சி. அன்னபூரணி அரிசிக் கிண்ணத்திலேயே இருக்கிறாள். இப்போது வியாழக்கிழமைகளில் நான்தான் புளி கரைக்கிறேன், மாதத்துக்கு ஒருமுறை மட்டும். மற்ற வாரங்களில் உலர்ந்த துணியும் திருநீறும். முகத்தில் கை வைப்பதில்லை.

உங்கள் வீட்டில் பாட்டி காலத்துச் சாமி இருந்தால், அடுத்த முறை துலக்குவதற்கு முன் செல்போனில் நாலு படம் எடுத்து வையுங்கள்: முன், பின், இரண்டு பக்கவாட்டு. பீடத்தைத் திருப்பி அடியில் எழுத்தோ குறியோ இருந்தால் அதையும். உயரத்தை விரற்கடையில் அளந்து, யார் வீட்டுச் சீராக எப்போது வந்தது என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பச்சைத்தூள் தெரிந்தால் நீங்களே சுரண்ட வேண்டாம், ஈரமில்லாத இடத்துக்கு மாற்றி, தெரிந்தவரிடம் காட்டுங்கள். புளி பழம்புளியாக இருக்கட்டும்.